ஸ்ரீதனம் கொடுத்தாயிற்று என்றால் பங்கு போய்விடுமா? விளவங்கோடு குடும்ப நிலமும் பாகவழக்கும்

விளவங்கோட்டு மகள், 4 பிப்ரவரி 2023

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா உயில் எதுவும் எழுதாமல் 1994-இல் காலமானார். அம்மா 2009-இல் காலமானார். அண்ணன், நான், பஹ்ரைனில் இருக்கும் தங்கை என மூன்று பிள்ளைகள். நிலம் மொத்தம் 1 ஏக்கர் 20 சென்ட். அதில் 70 சென்ட் தாத்தா வழியாக அப்பாவுக்கு வந்தது. அதை ஒட்டிய 50 சென்டை அப்பா 1964-இல் விலைக்கு வாங்கினார். வடக்கே பஞ்சாயத்து ரோடு, தெற்கே ஓடை. ரோட்டை ஒட்டி மேற்கு மூலையில் பழைய வீடும் அதன் முன்னால் கிணறும் உள்ளன. மற்ற இடம் முழுவதும் ரப்பர்.

1981-இல் எனக்குத் திருமணமானபோது அப்பா 25 பவுனும் ரொக்கமும் ஸ்ரீதனமாகக் கொடுத்தார். தங்கைக்கும் அப்படியே செய்தார். ஸ்ரீதனம் வாங்கிய பெண்ணுக்குப் பங்கில்லை என்பதே நம் நாட்டுச் சட்டம் என்று அண்ணன் சொல்கிறார். 2012-இல் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட அவர், 2019-இல் ரோட்டோரமாக 40 சென்டைத் தம் மகனுக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். சென்ற மாதம் அந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியிருக்கிறார்கள். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அண்ணனோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பதையாவது தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

நாஞ்சில் வாசகன், 4 பிப்ரவரி 2023

கவலை வேண்டாம் அக்கா. 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு. அப்பா முன்பே இறந்திருந்தாலும் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துவிட்டது. தாத்தா வழி வந்த 70 சென்டில் உங்களுக்குப் பங்கு நிச்சயம். அப்பா வாங்கிய 50 சென்ட் பற்றித்தான் வக்கீலிடம் கேட்க வேண்டும்.

கோட்டாறு வழக்கறிஞர், 5 பிப்ரவரி 2023

நண்பர் நாஞ்சில் வாசகன் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும், அதை விளக்கிய வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைச் சார்ந்தவை. சகோதரியின் குடும்பத்துக்கு அவை பொருந்தா. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் பிறப்பால் வரும் பங்கு என்ற ஒன்று கிடையாது. எனவே பூர்வீகம், சுயார்ஜிதம் (தாமே சம்பாதித்தது) என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே எழாது. அப்பா இறந்த அன்று அவர் பெயரில் இருந்த 120 சென்டும் ஒன்றாகவே இறங்கும்.

அண்ணன் சொல்லும் 'நம் நாட்டுச் சட்டம்' கற்பனை அல்ல. கொல்லம் ஆண்டு 1092-இல், அதாவது 1916-இல், திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. அதுவும் ஸ்ரீதனம் என்ற பெயரில்தான். கொடுத்தாலும் சரி, கொடுப்பதாக வாக்களித்தாலும் சரி, அதற்குமேல் மகள் கேட்க முடியாது. விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழகத்தோடு இணைந்தது என்பதால் அந்தச் சட்டத்தின் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஊறிக் கிடக்கிறது.

ஆனால் 1951 ஏப்ரல் 1 முதல் 1925-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பழைய திருவிதாங்கூர் பகுதிக்கும் விரிவாக்கப்பட்டுவிட்டது. அன்றே 1092-ஆம் ஆண்டுச் சட்டம் முடிந்துபோனது என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. அந்த 1951-இல் நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தோம். ஆகவே ஒருவர் இறந்த தேதிதான் எந்தச் சட்டம் என்பதை முடிவு செய்யும். உங்கள் அப்பா 1994-இல் இறந்ததால் அவருடைய சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு, பிள்ளைகள் மூவருக்கும் சமமாக இறங்கியது. 2009-இல் அம்மாவின் பங்கும் அதே மூவருக்குச் சமமாக வந்தது. ஆக ஆளுக்கு 40 சென்ட்.

ஸ்ரீதனத்தைக் கழித்துக்கொள்ளலாமே என்று அடுத்து வாதிடுவார்கள். அதற்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவே பதில் சொல்கிறது. தந்தை தம் வாழ்நாளில் பிள்ளையின் நல்வாழ்வுக்காகக் கொடுத்த பணத்தையோ பொருளையோ, அவர் உயிலின்றி இறந்தபின் பங்கு கணக்கிடும்போது சேர்த்துப் பார்க்கக் கூடாது.

ஒரு கேள்வி: தாத்தா எந்த ஆண்டு இறந்தார்? அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா?

விளவங்கோட்டு மகள், 5 பிப்ரவரி 2023

மிக்க நன்றி ஐயா. இதை மூன்று முறை படித்தேன். தாத்தா கொல்லம் 1124 கர்க்கடக மாதம் இறந்ததாகக் கல்லறையில் வெட்டியிருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். இரு அத்தைகளும் இப்போது இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறார்கள்.

தக்கலை பத்திர எழுத்தர் (ஓய்வு), 6 பிப்ரவரி 2023

கொல்லம் ஆண்டு சிங்க மாதம், அதாவது ஆகஸ்டு நடுவில் தொடங்கும். ஆண்டின் தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் 825-ஐயும் கூட்ட வேண்டும். கர்க்கடகம் ஆண்டின் கடைசி மாதம். எனவே 1124 கர்க்கடகம் என்பது 1949 ஜூலை அல்லது ஆகஸ்டு. வழக்கறிஞர் ஐயா சொன்ன 1951-க்கு முன்பு என்பதால் தாத்தாவின் நிலத்துக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும். அத்தைமார்களுக்கு ஸ்ரீதனம் மட்டும், நிலம் முழுவதும் ஒரே மகனான உங்கள் அப்பாவுக்கு. ஒரே விளையில், அதாவது ஒரே தோட்டத்தில், தாத்தாவின் சாவுக்கு ஒரு சட்டம், அப்பாவின் சாவுக்கு இன்னொரு சட்டம். நாற்பது வருடம் பத்திரம் எழுதிய எனக்கே இது சில சமயம் தலை சுற்றும்.

பத்திரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா காலத்துப் பிரமாணம் (பத்திரம்) மலையாளத்தில்தான் இருக்கும். 'புரையிடம்' என்று எழுதியிருந்தால் வீடும் தோட்டமும் சேர்ந்த நிலம். 'ஒழிமுறி' என்றால் விடுதலைப் பத்திரம், 'இஷ்டதானம்' என்றால் நீங்கள் இன்று தானப்பத்திரம் என்று சொல்வது. 'ஒற்றி' (அனுபவத்தோடு கூடிய அடமானம்) என்ற சொல் எங்காவது வந்தால் அதைத் திருப்பிய சீட்டும் இருக்கிறதா என்று தேடுங்கள். மலையாள ஆவணத்தை அப்படியே நீதிமன்றத்தில் கொடுக்க முடியாது. சான்றளிக்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எல்லை விவரத்தில் கிழக்கை மேற்காக்கிவிட்டு, அதைத் திருத்த எட்டு மாதம் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆகவே நான்மால் (நான்கு பக்க எல்லை) பகுதியைப் பக்கத்து நிலக்காரரின் பத்திரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வில்லங்கச் சான்று எடுக்கும்போது ரீசர்வே எண்ணை மட்டும் கொடுத்தால் பழைய பதிவுகள் வராமல் போகும். 'வில்லங்கம் இல்லை' என்று வெள்ளைத்தாளாக வரும் சான்றைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். பழைய சர்வே எண், ரீசர்வே எண், உட்பிரிவு எண் மூன்றையும் தனித்தனியே போட்டுத் தேடுங்கள்.

மூத்த மகன், 6 பிப்ரவரி 2023

இந்த இழையில் எல்லோரும் ஒரே பக்கம் நின்று பேசுகிறீர்கள். நான் இந்தச் சகோதரியின் அண்ணன் அல்ல. ஆனால் அவர் நிலையில் இருப்பவன். 1999 முதல் அம்மாவைப் பார்த்தது நான். அவர் படுக்கையில் கிடந்த இரண்டு வருடம் வேலைக்குப் போகவில்லை. பழைய ரப்பரை முறித்துப் புதிதாக வைத்தேன். கன்று வைத்தால் ஏழு வருடம் ஒரு சொட்டுப் பால் கிடைக்காது என்பது ஊரில் இல்லாதவர்களுக்குத் தெரியாது. அந்த ஏழு வருடமும் களை எடுத்தவன் யார்? 2016-இல் பால்வெட்டுத் தொடங்கிய பிறகுதான் தங்கைகளுக்குப் பங்கு ஞாபகம் வந்தது. பாகமே இல்லாத காலத்தில் பட்டாவும் தீர்வையும் என் பெயரில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் அனுபவ உரிமை கிடைக்கும் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார்.

கோட்டாறு வழக்கறிஞர், 7 பிப்ரவரி 2023

தங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பன்னிரண்டு வருட வாதம் அயலானுக்கு எதிராக நிற்கும் அளவுக்கு உடன்பிறந்தவருக்கு எதிராக நிற்காது. கூட்டு உரிமையாளர் ஒருவர் நிலத்தில் இருந்தால், அவர் எல்லோருக்காகவும் இருப்பதாகவே சட்டம் கருதும். தனியாக இருந்தார், தீர்வை கட்டினார், பால் வெட்டினார் என்பதெல்லாம் போதாது. 'உனக்கு இதில் உரிமை இல்லை' என்று மற்றவருக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து வெளியேற்றிய நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். பட்டாவோ வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே. அது உரிமைமூலம் ஆகாது.

ஆனால் தாங்கள் உழைத்தது வீணாகாது. இறுதித் தீர்ப்பாணைக் கட்டத்தில், அதாவது நிலத்தை அளந்து பிரிக்கும்போது, தாங்கள் மேம்படுத்திய பகுதியை இயன்றவரை தங்கள் பங்கிலேயே ஒதுக்கும்படி கேட்கலாம். நீதிமன்றங்கள் அதைப் பொதுவாக ஏற்கின்றன. அதே நேரத்தில் மற்றப் பங்காளிகளும் ரப்பர் வருமானத்துக்குக் கணக்குக் கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சகோதரி அவர்களுக்கு: தாங்கள் தாக்கல் செய்ய வேண்டியது குழித்துறை நீதிமன்றத்தில், பாகவழக்கு, அதாவது பங்கைப் பிரித்துத் தரக் கேட்கும் வழக்கு. முன்சீப் கோர்ட்டா சப் கோர்ட்டா என்பது மதிப்பைப் பொறுத்தது. நிலம் முழுவதும் வழக்கில் வர வேண்டும். தங்கையும், தானப்பத்திரம் பெற்ற அண்ணன் மகனும் கட்சிக்காரர்களாக இருக்க வேண்டும். ஒருவரை விட்டாலும் அதையே எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபமாக எடுக்கும். தானப்பத்திரம் தங்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கும்படியும் கேட்க வேண்டும்.

கட்டண விஷயத்தில் ஒரு வாக்கியம் பல ஆயிரம் ரூபாய் பெறும். 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் இரண்டு வழிகள் உள்ளன. கூட்டு அனுபவத்தில் இருப்பவர் நிலையான சிறு கட்டணம் செலுத்தினால் போதும். வெளியேற்றப்பட்டவர் தம் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டும். 2017-இல் அந்த விகிதம் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தது என்றாலும், ரோட்டோர நிலத்துக்கு அதுவும் பெருந்தொகைதான். கோபத்தில் 'என்னைத் துரத்திவிட்டார்' என்று பிராதில் (வழக்கு மனுவில்) எழுதிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு. அதற்காகப் பொய் எழுதவும் கூடாது. உண்மையில் எது நடந்தது?

விளவங்கோட்டு மகள், 7 பிப்ரவரி 2023

யாரும் என்னைத் துரத்தவில்லை ஐயா. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அந்த வீட்டில்தான் தங்குவேன். அம்மா இருந்தவரை ரப்பர் ஷீட் விற்ற பணத்தில் ஒரு கவர் தருவார். பிறகு அண்ணியும் இரண்டு மூன்று வருடம் தேங்காயும் பலாப்பழமும் கட்டிக் கொடுத்தார். இப்போது எனக்கு உறுத்துவது அந்த 40 சென்ட்தான். அண்ணனுடைய பங்கும் 40 சென்ட்தானே, அவர் தம் பங்கைத்தானே மகனுக்குக் கொடுத்தார் என்று ஊரில் கேட்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

குலசேகரம் ரப்பர், 8 பிப்ரவரி 2023

அளவு சரி, இடத்தை யார் தீர்மானித்தது என்று கேளுங்கள். எங்கள் குடும்பத்தில் நடந்ததும் இதுவே. ரோடு வடக்கே, ஓடை தெற்கே என்றால் உங்கள் அண்ணன் நிலத்தைக் குறுக்கே வெட்டி, முகப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்று பொருள். உங்களுக்கும் தங்கைக்கும் மிஞ்சுவது வழியில்லாத 80 சென்ட். அதன் சென்ட் விலையும் ரோட்டோரச் சென்ட் விலையும் ஒன்றா?

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு 2011-இல் முதல்நிலைத் தீர்ப்பாணை கிடைத்தது. நான்கில் ஒரு பங்கு எங்களுக்கு என்று எழுதியிருந்த அந்தக் காகிதத்தை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டினார். வழக்கு ஜெயித்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். எங்களுக்காக வாதாடியவரும் அடுத்து என்ன என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பாணை பின்னத்தைத்தான் சொல்லும், நிலத்தைக் காட்டாது என்பது 2018-இல் வங்கிக் கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அதற்குள் சித்தப்பா இறந்து அவருடைய வாரிசுகள் நால்வர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பங்கு வெளியாளுக்கும் கைமாறியிருந்தது. பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கு மனு போட்டோம்.

ஆணையராக நியமிக்கப்பட்ட வக்கீல் சர்வேயரோடு வந்த அன்று மழை. சர்வே கற்கள் இரண்டு கிடைக்கவேயில்லை. மூன்றாவது கல் கையாலைக்கு (எல்லைச் சுவருக்கு) அடியில் புதைந்து கிடந்தது. மண்வெட்டியால் கையாலையைச் சரித்தபோது, எல்லை என்று முப்பது வருடம் நாங்கள் நினைத்திருந்த இடம் ஐந்தடி தள்ளி இருந்தது. அன்று சித்தியும் அம்மாவும் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கோட்டாறு வழக்கறிஞர், 8 பிப்ரவரி 2023

குலசேகரம் நண்பர் சொன்னதுதான் பாகவழக்கின் உயிர்நாடி. பங்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் சட்டப் புத்தகத்தில் முடிந்துவிடும். எந்தப் பக்கம் என்பதில்தான் குடும்பங்கள் உடைகின்றன. பாகம் ஆகும்வரை ஒவ்வொரு சென்டிலும் ஒவ்வொருவருக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே அண்ணன் தம் பிரிபடாத மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். 'ரோட்டோர 40 சென்ட்' என்று தாமே எல்லை குறித்துக் கொடுத்தால் அது மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது.

இறுதித் தீர்ப்பாணைக்கான மனுவுக்குக் காலவரம்பு கிடையாது. அந்த வசதியே பலரைத் தூங்க வைத்துவிடுகிறது. முதல்நிலைத் தீர்ப்பாணையோடு வழக்கைக் கிடப்பில் போடாமல், விசாரணை நீதிமன்றமே அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் அறிவுறுத்தியிருக்கிறது. இருந்தாலும் தாங்களும் விழித்திருப்பது நல்லது.

அஸ்திவாரம் பற்றி: வழக்கோடு சேர்த்து இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது செய்யும் மாற்றமும் கட்டுமானமும் தீர்ப்புக்கு உட்பட்டவையே என்றாலும், சுவர் எழும்பி மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் சமரசம் பேச யாருக்கும் மனம் வராது. பஹ்ரைனில் இருக்கும் தங்கை அங்கே தூதரகத்தில் சான்றளித்த பவர் பத்திரம் அனுப்பட்டும். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

மூத்த மகன், 9 பிப்ரவரி 2023

முன்பு கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். வக்கீல் நோட்டீசு தபால்காரர் கையால் வந்து, அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்து, சாயங்காலம் கொண்டு வந்து தந்தார். அந்த அவமானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது, பங்கு அல்ல. முடிந்தால் நோட்டீசுக்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள் சகோதரி.

விளவங்கோட்டு மகள், 18 ஆகஸ்டு 2024

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன். மூத்த மகன் அவர்கள் சொன்னபடி முதலில் நேரில்தான் போனேன். அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. 2023 ஏப்ரலில் குழித்துறையில் வழக்குத் தாக்கல் செய்தோம். கட்டுமானத்தைத் தொடரக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. எதிருரையில் ஸ்ரீதனம், 1092-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டா, அனுபவம் எல்லாம் இருந்தன. சாட்சி விசாரணைக்கு முன்பே நீதிமன்றம் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது.

முதல் இரண்டு அமர்வுகளில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது அமர்வில் சமரசர், சர்வே வரைபடத்தை மேசையில் விரித்து, ஒரு ஸ்கேலை ரோட்டுக்கு இணையாக வைத்துக் காட்டினார். பிறகு அதே ஸ்கேலைத் திருப்பி, ரோட்டிலிருந்து ஓடை வரை நெடுக வைத்தார். குறுக்கே வெட்டாமல் நெடுக்கே வெட்டினால் மூவருக்கும் ரோடும் கிடைக்கும், ஓடையும் கிடைக்கும். அண்ணன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வீடும் கிணறும் எனக்கு வந்தால் போதும்" என்று அவர் சொன்னதுதான் ஒன்றரை ஆண்டில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

மேற்குப் பட்டை அண்ணனுக்கு, நடுப்பட்டை எனக்கு, கிழக்குப் பட்டை தங்கைக்கு. அண்ணன் மகன் தோண்டிய அஸ்திவாரம் என் பட்டைக்குள் எட்டடி நீண்டிருந்தது. அந்த இடத்தில் கோட்டைச் சற்று வளைத்து அவருக்கே விட்டேன். அதற்கு ஈடாக ஓடைப் பக்கம் எனக்குக் கூடுதல் அளவு தந்தார்கள். தானப்பத்திரம் மேற்குப் பட்டைக்கு மட்டுமே செல்லும் என்று எழுதினோம். ரப்பர் வருமானத்துக்குக் கணக்குக் கேட்பதில்லை என்று நானும் தங்கையும் ஒப்புக்கொண்டோம். அம்மாவைப் பார்த்த ஆண்டுகளுக்கு அதைத் தவிர வேறு என்ன கொடுப்பது? உடன்படிக்கையை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வைத்துத் தீர்வாணை பெற்றோம். அதற்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். இப்போது தாலுகா அலுவலகத்தில் உட்பிரிவுக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

தக்கலை பத்திர எழுத்தர் (ஓய்வு), 18 ஆகஸ்டு 2024

மனதுக்கு நிறைவாக இருக்கிறது அம்மா. கிணறு அண்ணன் பட்டையில் போய்விட்டதே, தண்ணீர் எடுக்கும் உரிமையை எழுதினீர்களா?

விளவங்கோட்டு மகள், 19 ஆகஸ்டு 2024

எழுதினோம் ஐயா. என் பட்டையிலிருந்து கிணற்றுக்கு நான்கடி நடைபாதை, தண்ணீர் மூவருக்கும் பொது. அண்ணன் பட்டைக்கும் என் பட்டைக்கும் நடுக்கோட்டில் நிற்கும் பலாமரத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டோம். வருகிற செவ்வாய்க்கிழமை சர்வேயர் கல் நாட்ட வருகிறார், நானும் ஊருக்குப் போகிறேன். மரத்துக்கு அந்தப் பக்கம் கல்லை வைத்துக்கொள்ளச் சொல் என்று அண்ணன் அண்ணியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.